இடது பக்கத்துக் கறுப்பு

எனக்குக் கல்யாணமான இரண்டாவது வருஷம் நான் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி அது. நான் பெயின்ட் பிரிவில் இருந்தேன். பூசி, அடுப்பில் சுட்டு, ஆறவைத்து வரும் பாகங்களை மாதிரித் தகட்டோடு வைத்துப் பார்த்து, நிறம் சரி, நிறம் தப்பு என்று பிரித்துப் போடுவது என் வேலை. சம்பளத் தகராறு முற்றி ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பத்து நாளில் திறந்துவிடுவார்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். ஆறு மாதம் ஆகியும் திறக்கவில்லை.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் மனைவியும் பட்டாபிராமில் மாமனார் வீட்டுக்குப் போனோம். கம்பெனி திறக்கும்வரைதான் என்று பேச்சு. மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மனைவிக்கு ஒரே அண்ணன். அவர், என் மச்சான், வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தார். ஆகவே வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

மாமனாருடைய அப்பா வேப்பம்பட்டுப் பக்கம் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மாமனார் பதினெட்டு வயதில் மிலிட்டரி டிப்போவில் மூட்டை தூக்கச் சேர்ந்து, ஸ்டோர் பார்க்கிற அளவுக்கு உயர்ந்தவர். அதட்டிப் பேசமாட்டார். ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆணி முதல் கித்தான் வரை எது எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பது டிப்போவில் அவருக்குப் படிந்த பழக்கம். வீட்டிலும் அப்படித்தான். சோப்பு டப்பாவைக்கூட நகர்த்தி வைக்க எனக்குப் பயமாக இருக்கும்.

வீட்டின் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு நடை. குளிக்க, கொல்லைக்குப் போக, தெருவுக்கு வர, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வழி. அதில்தான் மச்சானின் மோட்டார் சைக்கிள் நின்றது. என்னைவிடப் பத்து வயதுதான் சின்னது அந்த வண்டி. வெளிநாடு போவதற்கு முன்னால் யாரிடமோ ஆசைப்பட்டு வாங்கியது. டேங்க் மட்டும் மெரூன். ஃபிரேம், முன் ஃபோர்க், ஹெட்லைட் கிண்ணம், செயின் மூடி, டூல் பாக்ஸ், கால் அடிபடாமல் தடுக்கிற லெக் கார்டு, எல்லாம் கறுப்பு. காக்கித் துணி ஒன்றைப் போட்டு மூடி வைத்திருந்தார் மாமனார். அதன் சாவி, உள்ளே கூடத்தில் மச்சானின் போட்டோவுக்குக் கீழே ஆணியில் தொங்கியது. நாங்கள் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி வுடு மாப்ள. ஓட்ட வோணாம். அவன் வந்து ஓட்டட்டும்" என்றார்.

ஓட்டவேண்டாம் என்றதை நான் ஐந்து மாதம் காப்பாற்றினேன்.

குமணன்சாவடி தாண்டி ஒரு கம்பெனியில் பெயின்ட் சூப்பர்வைசர் வேலை காலி என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச்சொல்லி கார்டு வந்தது. அன்று மாமனாரும் மனைவியும் வேப்பம்பட்டில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். நான் எட்டு மணியிலிருந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். வந்த இரண்டு பஸ்ஸிலும் படியில் கால் வைக்க இடமில்லை. ஒன்பது மணிக்கு வீட்டுக்குத் திரும்பி வந்தேன். சாவியை எடுத்தபோது மச்சானின் போட்டோவைப் பார்க்காமல்தான் எடுத்தேன்.

குமணன்சாவடி சந்திப்பில் ஒரு லாரியிலிருந்து சிந்திய மணல் ரோட்டில் பரவிக் கிடந்தது. சைக்கிளில் தண்ணீர்க் குடங்கள் கட்டிக்கொண்டு ஒருவர் குறுக்கே வர, நான் பிரேக்கை அழுத்தினேன். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து, என்னையும் இழுத்துக்கொண்டு பத்தடி தூரம் ரோட்டில் தேய்த்துக்கொண்டு போனது. முழங்கையில் தோல் போனது. மற்றபடி எனக்கு ஒன்றுமில்லை. நாலு பேர் வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். லெக் கார்டு வளைந்து என்ஜினில் முட்டிக்கொண்டிருந்தது. ஹெட்லைட் கிண்ணம் நசுங்கியிருந்தது. இடது ஃபோர்க் மூடி, செயின் மூடி, டூல் பாக்ஸ், மூன்றிலும் கறுப்பு உரிந்து வெள்ளைத் தகடு தெரிந்தது. இன்டர்வியூவுக்குப் போகவில்லை. ரத்தம் ஒட்டிய சட்டையோடு எங்கே போவது. வண்டியை மெதுவாக உருட்டியும் ஓட்டியும் வீட்டுக்குக் கொண்டுவந்து, நின்ற இடத்தில் நிறுத்தி, காக்கித் துணியை இழுத்து மூடினேன். துணி எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாலையில் அவர்கள் வந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். மாமனார் காதுகுத்து வீட்டுப் பலகாரப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, வரும் வழியில் தபால்காரர் கொடுத்ததாக ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தார். மச்சான் எழுதியது. இன்னும் மூன்று வாரத்தில் லீவில் வருகிறாராம். நாலு வருஷத்துக்குப் பிறகு. மாமனார் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். வண்டிக்குப் பக்கத்தில் போய், துணிக்கு மேலேயே சீட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் பலகாரப் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

மனைவியிடம் ஒரு நாள்தான் மறைக்க முடிந்தது. முழங்கையைப் பார்த்துக் கேட்டாள். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன். மறுநாள் மாமனார் டிப்போவுக்குப் போனதும் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நைனா கையில சொன்னா உன்ன ஒண்ணும் சொல்லமாட்டாரு. ஆனா அப்பால நாம இந்த ஊட்டுல சோறு துண்ண முடியாது" என்றாள். பிறகு, "மூணு வாரம் கீதே. உனக்கு பெயின்ட் தெரியுமில்ல?" என்றாள்.

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மாமனார் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஐந்து மணிக்கு வருவார். அந்தப் பத்து மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. வளைந்த லெக் கார்டைக் கழற்றி ஆவடியில் ஒரு வெல்டிங் கடையில் சூடு காட்டி நிமிர்த்தினேன். ஹெட்லைட் கிண்ணமும் டூல் பாக்ஸும் தட்டி எடுக்கிற நிலையில் இல்லை. பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய் அதே வண்டிக்கு ஆகிற பழைய கிண்ணத்தையும் பாக்ஸையும் தேடி எடுத்து வந்தேன். கொண்டுவந்து வண்டியில் பொருத்திப் பார்த்தபோதுதான் எவ்வளவு பெரிய வேலையில் மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. கிண்ணத்தின் கறுப்பு வேறு, பாக்ஸின் கறுப்பு வேறு, வண்டியின் கறுப்பு வேறு. ஒன்று வெயிலில் வெளுத்துச் செம்மண் சாயலாக இருந்தது. இன்னொன்றை யாரோ பிரஷ்ஷால் பூசியிருந்தார்கள்.

கறுப்பு ஒரே நிறம் என்று நினைப்பவர்கள் பாக்கியவான்கள். கறுப்பில் நீலம் ஓடும், பச்சை ஓடும், பழுப்பு ஓடும். தனியாக வைத்துப் பார்த்தால் எல்லாம் கறுப்பு. இரண்டைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனியில் எனக்கு ஒரு மாதிரித் தகடு இருந்தது, அதற்குச் சரியாக இருந்தால் போதும். இங்கே மாதிரி என்பது இருபது வருஷம் வெயிலும் எண்ணெயும் புழுதியும் தின்ற ஒரு வண்டி. அதிலும் என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு, டேங்குக்கு அடியில் ஒரு கறுப்பு.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் கம்பெனி பூட்டுவதற்கு முன்பே விலகி, அம்பத்தூரில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து பெயின்ட் வேலை செய்துவந்தார். சுடுகிற அடுப்பு அவரிடம் இருந்தது. பாகங்களைக் கழற்றிச் சாக்குப் பையில் போட்டு ரயிலில் எடுத்துப் போனேன். பழைய பெயின்டை உரித்து, வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளத்துக்குப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, கறுப்பு அடித்து, அவருடைய சரக்கோடு சேர்த்து அடுப்பில் தொங்கவிட்டேன். நாலரை மணிக்குள் பட்டாபிராமில் இறங்கவேண்டும். ரயில் அண்ணனூரில் சிக்னலுக்கு நின்றால் சாக்குப் பையோடு எழுந்து கதவோரம் போய் நிற்பேன். கழற்றிய இடம் துணிக்கு மேல் குழிந்து தெரியாமல் இருக்க, மனைவி ஒரு முறத்தையும் பழைய தலையணையையும் உள்ளே சொருகி வைத்திருப்பாள்.

முதல் தடவை பூசி மாட்டியபோது அந்த ஐந்து பாகமும் கிழவர் வாயில் கட்டிய புதுப்பல் மாதிரி இருந்தன. வெயிலில் நீலம் அடித்தது. கழற்றி மறுபடி எடுத்துப் போனேன். இரண்டாவது தடவை கறுப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்தேன். அதிகமாகிவிட்டது. மூன்றாவது தடவை குறைத்தேன். நிறம் கிட்டே வந்தது, பளபளப்பு காட்டிக்கொடுத்தது. பளபளப்பைக் குறைக்கத் தேய்த்தால் பக்கத்திலிருந்த ஃபிரேம் அழுக்காகத் தெரிந்தது. இடது ஃபோர்க்கைச் சரி செய்தால் வலது ஃபோர்க் பல்லிளித்தது. ஒன்றைத் தொட்டால் அடுத்ததைத் தொடவேண்டியிருந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. வண்டி முழுவதையும் பிரித்துப் பூசினாலொழிய முடியாது, முழுவதையும் பூசினால் ஒளிக்க முடியாது. தினமும் அந்த நடையில் குளிக்கப் போகும்போது சுவரோடு ஒட்டி, வண்டியைத் தொடாமல் பக்கவாட்டில் நடப்பேன். சாப்பிடும்போது கண்ணுக்குள் கறுப்பு ஓடும். சோறு குடத்துக்குள் போட்ட கல் மாதிரி இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் மோசம். மாமனார் நாற்காலியைப் போட்டு உட்கார, அவர் முன்னால் நான் வண்டியை ஸ்டார்ட் செய்யவேண்டும். துணியை வலது பக்கத்திலிருந்து பாதி மட்டும் விலக்கிவிட்டு உதைப்பேன். இடது பக்கம் சுவரைப் பார்த்து நிற்கும். முழுக்க எடுத்துவிட்டு உதைப்பதுதானே என்று ஒரு தடவை கேட்டார். தூசு படும் என்றேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார்.

வழியைக் காட்டியது மனைவிதான். அவள் கல்யாணத்துக்கு முன்பு ஆவடியில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைக்கு ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நின்றவள். மூன்றாவது தடவை நான் மாட்டிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தாள். வெயிலில் பார்க்காதே, நிழலில் வைத்துப் பார் என்றாள். கடையில் கறுப்புத் துணியை எப்போதும் வாசலுக்கு எடுத்துப்போய், ஆனால் வெயில் படாமல் காட்டுவார்களாம்.

"இது கண் மை. அது அடுப்புக் கரி" என்றாள், புதியதையும் பழையதையும் தொட்டுக் காட்டி. "கரிய எதுக்கு மை ஆக்கணும்ன்ற, மைய எதுக்கு கரி ஆக்கணும்ன்ற? அந்தக் கரி மேல இன்னா படிஞ்சிகீதுன்னு பாத்தியா?"

கெரசினில் நனைத்த துணியை எடுத்து ஃபிரேமில் ஒரு இடத்தை அழுத்தித் துடைத்தாள். பழுப்பாக அழுக்கு வந்தது. மறுபடி துடைத்தாள். அடியிலிருந்து ஒரு கறுப்பு எழுந்து வந்தது. நான் இத்தனை நாள் அழுக்கை மாதிரியாக வைத்துக்கொண்டு நிறம் கலந்திருக்கிறேன். வருஷக்கணக்காக நிறம் பார்த்தவனுக்கு இது தோன்றவில்லை.

பிறகு ஆறு நாள் வேலை. பழையதை நாங்கள் இருவரும் கெரசினால் துடைத்து, மெழுகு தேய்த்து மேலே ஏற்றினோம். புதியதை இன்னொரு தடவை கலந்து பூசி, மாவு மாதிரி தேய்ந்த வாட்டர் பேப்பரால் தடவிக் கீழே இறக்கினோம். இரண்டும் நடுவில் சந்தித்துக்கொண்டன. நிழலில் வைத்து அவள் பார்த்து, "போதும், கை வெக்காத" என்ற அன்று மச்சான் வர இரண்டு நாள் பாக்கி.

வண்டி பளிச்சென்று ஆனதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டுமே. மச்சான் வருகிறார் என்று துடைத்தேன் என்றேன். மாமனார் அதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். தன் மகனின் வண்டியை மாப்பிள்ளை தன் வண்டி மாதிரி பார்த்துக்கொள்கிறார் என்று என் எதிரிலேயே சொன்னார். அதுவரை அவர் என்னை யாரிடமும் புகழ்ந்ததில்லை. திட்டு வாங்கியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அந்தப் புகழ்ச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

மச்சான் இரண்டு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார். போட்டோவில் இருந்ததைவிட இளைத்திருந்தார். துணியை எடுத்ததும் வண்டியை ஒரு சுற்று வந்தார். ஹெட்லைட் கிண்ணத்தில் கை வைத்து, ஃபோர்க் வழியாக விரலை இறக்கி, லெக் கார்டில் நிறுத்தினார். நல்லா வெச்சிருக்கீங்க மாப்ள என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போனார். வண்டியை நிறுத்தி, சிகரெட் பற்றவைத்துக்கொண்டார்.

"எங்க வுழுந்த?" என்றார்.

குமணன்சாவடி என்றேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் சிரித்தார். பெயின்டைப் பார்த்து இல்லையாம். ஹேண்டில்பார் இடது பக்கம் ஒரு நூல் அளவு இழுக்கிறதாம். நான் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்து அதை விட்டுவிட்டேன்.

மன்னிப்பு கேட்டேன். முழுதும் சொன்னேன். சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. அது ஒரு நிமிஷம்கூட இறங்கியே இருக்கவில்லை. அவர் சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டுச் சொன்னார்.

"நானும் ஒண்ணு சொல்றேன். உன்னோடவே இருக்கட்டும். நான் லீவுல வர்ல மாப்ள. கம்பெனிய மூடிட்டாங்க. நாலு மாசமாச்சு. இனிமே போவல."

அப்பாவிடம் எப்போது சொல்வதாக உத்தேசம் என்று கேட்டேன். சமயம் பார்த்துச் சொல்கிறேன், அதுவரை நீ வாயைத் திறக்காதே, வண்டி விஷயத்தை நானும் திறக்கமாட்டேன் என்றார். நட்பாகத்தான் சொன்னார். தோளில் கை போட்டுக்கொண்டார். ஆனால் திரும்பி வரும்போது அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் ஒரு நடையிலிருந்து இன்னும் குறுகலான நடைக்குள் வந்துவிட்டதை உணர்ந்தேன். மனைவியிடம்கூடச் சொல்ல முடியாது. அவளுடைய அண்ணன், அவளுடைய அப்பா.

லீவு நாற்பத்தைந்து நாள் என்று மச்சான் வீட்டில் சொல்லியிருந்தார். சமயம் வரவேயில்லை. பெட்டியிலிருந்த சென்ட் பாட்டில்களையும் டார்ச் லைட்டுகளையும் தெருவில் எல்லோருக்கும் கொடுத்தார். மாமனார் தன் பங்குக்கு ஜாதகத்தைக் கையில் எடுத்தார். நாலாவது வாரம், பூந்தமல்லியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க மனைவியோடு வருகிறார் என்று அறிவித்தார். நான் மச்சானைத் தனியாக நடைக்குக் கூட்டிப்போய், இப்போதாவது சொல்லிவிடுங்கள் என்றேன். அவர்கள் வந்து போகட்டும், பேச்சு ஒன்றும் உடனே முடியப்போவதில்லை என்றார்.

அந்தக் கடைக்காரர் வந்து உட்கார்ந்ததிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வெள்ளைச் சட்டையில் மஞ்சள்தூள் கறை லேசாக இருந்தது. பெண்ணைப் பற்றிப் பேசும்போது அவரும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே பேசினார்கள். டைப்பிங் முடித்திருக்கிறாள், இல்லை, இன்னும் ஒரு பரீட்சை பாக்கி என்று. மாமனார் மகனின் வெளிநாட்டு உத்தியோகத்தைச் சொன்னார். கடைக்காரர் மச்சானைப் பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணை அங்கே அழைத்துக்கொள்வீர்களா, இல்லை இங்கேயே விட்டுவிட்டுப் போவீர்களா என்று கேட்டார். பார்க்கணும் என்றார் மச்சான். எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்றதற்கும் பார்க்கணும் என்றார்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கோ இந்த ஊட்டு மாப்ள. எனக்கு ஒரே பொண்ணு. உங்கள நம்பிக் குடுத்த மாதிரி நாளைக்கு நானும் ஒர்த்தர நம்பித்தான் குடுக்கணும். நீங்கோ சொல்லுங்கோ, இவரு அங்க நெலையா இருப்பாரா?"

மாமனார் என் முகத்தையே பார்த்தார். மச்சானும் பார்த்தார். சமையலறை வாசலில் மனைவி காபித் தட்டோடு நின்றாள். ஒரு வார்த்தை, "இருப்பாரு", அவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. மூன்று வாரம் தகடு தகடாகப் பொய்யைப் பொருத்திப் பார்த்தவனுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் முன்பின் பார்த்திராத அந்தப் பெண் ஒரு சூட்கேஸோடு இந்த நடைக்குள் நுழைந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது மாதிரி எனக்குத் தோன்றியது.

"அவரு திரும்பிப் போவலீங்க. அங்க கம்பெனிய மூடிட்டாங்க" என்றேன்.

கடைக்காரர் தட்டிலிருந்த காபியை எடுத்து, குடித்து முடித்து, நிதானமாக எழுந்து மாமனாரைக் கும்பிட்டார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் யாரும் அசையவில்லை.

பிறகு மச்சான் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். மனைவி நடுவில் வந்தாள். அவர் என்னை விட்டுவிட்டு நடைக்குப் போய் காக்கித் துணியை இழுத்துத் தூர எறிந்தார்.

"நைனா, இங்க வா. இவன் பெரிய அரிச்சந்திரன்னு நெனச்சியா? நீ ஓட்டாதன்னு சொன்ன வண்டிய எட்துகினு போயி குமணன்சாவடில வுழுந்து வாரிகினான். பெயின்ட் அட்ச்சி வெச்சிகிறான். எது புச்சு, எது பழசுன்னு அவனையே கேளு."

மாமனார் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டியின் இடது பக்கம் சுவரோடு ஒட்டி நின்று நெடுநேரம் பார்த்தார். அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எது மாப்ள?" என்றார்.

நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். ஹெட்லைட் கிண்ணம், ஃபோர்க் மூடி, லெக் கார்டு, செயின் மூடி, டூல் பாக்ஸ். நான் தொட்ட இடத்தை எல்லாம் அவரும் தொட்டுப் பார்த்தார், டிப்போவில் சரக்கு சரிபார்ப்பதுபோல. கடைசியில் மகளைப் பார்த்து, உனக்கும் தெரியுமா என்றார்.

"தெரியும் நைனா. கறுப்பு பாத்துக் குடுத்ததே நான்தான்" என்றாள்.

மகன் மறைத்தது, மருமகன் மறைத்தது இரண்டையும் விட அதுதான் அவரை அடித்தது என்று நினைக்கிறேன். உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமல் டிப்போவுக்குப் போனார். எங்களைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. அந்த வாரமே வேப்பம்பட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு கிளம்பினோம். அடுப்பு வைத்திருந்த அந்த அம்பத்தூர் நண்பரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். கலக்கிற கை இருக்கிறது, வா என்றார். புது அறையில் முதல் நாள் சாப்பிட்ட ரசம் சோறு தொண்டையில் எங்கும் நிற்காமல் இறங்கியது. அதை வெட்கத்தோடுதான் கவனித்தேன்.

நான் செய்தது சரியா என்று மனைவியைக் கேட்டிருக்கிறேன். "சொன்னது சரி. அத்த எங்க அண்ணன் கையில மொதல்ல சொல்லிட்டு சொல்லியிருக்கலாம்" என்பாள். அவளுக்கு அதில் இன்னும் ஒரு சின்ன வருத்தம் உண்டு.

சில மாதம் கழித்து மாமனார் வண்டியை விற்றார். அன்று மனைவி அப்பாவைப் பார்க்கப் போயிருந்தாள். வாங்க வந்த ஆள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வலது பக்கம் ஃபோர்க்கைத் தட்டி, இதை யாரோ பிற்பாடு பூசியிருக்கிறார்கள், இடது பக்கம்தான் கம்பெனி பெயின்ட் என்றானாம். வலது பக்கத்தை நாங்கள் துடைத்ததோடு சரி, தொடவேயில்லை. மாமனார் மறுக்காமல், கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தாராம். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து, என்னிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். அதோடு பேச்சு மறுபடி தொடங்கியது.

மச்சான் மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. ஆவடியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேப்பம்பட்டு வந்து எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார். திருநின்றவூரில் ஒரு பெண் பார்க்கப் போவதாகவும், நானும் வரவேண்டும் என்றும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேட்டா எல்லாத்தையும் சொல்லிடு. வேன் என்னுது இல்ல, ஓட்றதுதான். அத்தயும் சொல்லு" என்றார்.

வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பெண்ணின் அம்மா இரண்டாவது தடவையும் கேசரி வைத்தார். அந்தப் பெண்தான் இப்போது என் மகளுக்கு அத்தை.